பாட்டு பீரியடைக் கடன் வாங்கிய கணக்கு டீச்சர்

கேள்வி: அம்மா, கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கிறோம். பிளஸ் டூ கணிதப் பிரிவு படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன்; டிரினிட்டி இசைத் தேர்வில் நான்காம் கிரேடு முடித்திருக்கிறேன். ஒரு வருடமாக வாய்ப்பாட்டும் கற்றுக்கொள்கிறேன். டீச்சராக வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. கணக்கு டீச்சரா, பாட்டு டீச்சரா என்பதில்தான் குழப்பம். “கணக்கு சோறு போடும், பாட்டு போடாது” என்கிறார் அப்பா. அவர் பூண்டு விவசாயம் பார்க்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி உண்டா? கணக்கு வகுப்பில் பாட்டுக்கு இடம் இருக்கிறதா?
– ஒரு மாணவி, பெருமாள்மலை

பதில்: அப்பாவோடு சண்டை போடாதே, கண்ணு. அவர் பேச்சு கடுமையாக இருக்கலாம். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. 2012-இல் நம் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் எல்லாம் அதில் அடக்கம். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை சென்னையில் போய் உட்கார்ந்தார்கள் என்பதை நீயே செய்திகளில் பார்த்திருப்பாய். முழு நேர இசை ஆசிரியர் பணியிடமும் சிறப்பாசிரியர் என்ற பெயரில் உண்டு. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மலைக் குறிஞ்சியாவது 12 வருடம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு பூக்கிறது.

அதனால் பட்டத்துக்குக் கணிதத்தை எடு. பி.எஸ்சி. மூன்று வருடம், பி.எட். இரண்டு வருடம், அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாள், அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு. டெட் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். கணிதமும் அறிவியலும் சேர்ந்தே 60தான். தமிழ், ஆங்கிலம், குழந்தை உளவியல் தலா 30. கணக்கில் நூறு வாங்கிய எத்தனையோ பேர் இதில் தடுக்கி விழுகிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் நேரே சேர்கிற நான்கு வருட ஒருங்கிணைந்த பி.எஸ்சி., பி.எட். படிப்பும் இருக்கிறது, ஒரு வருடம் மிச்சம். மலையிறங்கிக் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை விசாரித்துவிட்டு வா. கொடைக்கானலிலேயே 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் ஹாஸ்டல் செலவே இல்லை. அப்பாவிடம் இதை முதலில் சொல்.

சரி, இசை? ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதித்துவிட்டது. ஒன்று நேரடி வகுப்பு, இன்னொன்று தொலைநிலை என்று சேர்த்துக்கொள்ளலாம். வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டுமே நேரடியாகவும் இருக்கலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் முதல் வருடத்திலேயே அதில் இறங்காதே. பள்ளிக்கூடக் கணக்கு வேறு, கல்லூரிக் கணக்கு வேறு. இயற்கணிதமும் பகுப்பாய்வும் முதல் ஆறு மாதம் உன்னைப் புரட்டிப் போடும். அந்த நேரத்தில் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வேண்டாம். கிரேடு தேர்வுகளை மட்டும் விடாமல் எழுதிக்கொண்டு போ. எட்டாம் கிரேடு வரை போனால், தனியார் உறைவிடப் பள்ளிகளில் இசை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது பேசும். இரண்டாம் வருடத்தில் மூச்சு விட நேரம் கிடைத்தால் தொலைநிலை இசைப் பட்டம் பற்றி யோசி. பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை நடத்த யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டிவிடாதே. பி.எட். வருடங்களில் எதுவும் கூடாது. கற்பித்தல் பயிற்சியும் ரெக்கார்டு நோட்டும் ஆளையே தின்றுவிடும்.

இனி உன் கடைசிக் கேள்வி. கடிதத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. சதுஸ்ர நடையில் ஒவ்வொரு அட்சரமும் நான்கு மாத்திரையாகப் பிரியும், ஆக ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 32 மாத்திரை. மிருதங்கக்காரர் வாசிப்பை முடித்துவைக்கத் தீர்மானம் வைக்கும்போது என்ன செய்கிறார்? தாளச் சொற்களைக் கோத்த ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்கிறார். இடையில் இரண்டு இடங்களில் கார்வை, அதாவது இடைவெளி, விடுகிறார். மூன்றாவது முறை முடிந்ததும் அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து இறங்குகிறார். மாத்திரைக் கணக்கில் சொற்கட்டின் நீளம் ச, ஒரு கார்வையின் நீளம் க என்று வை. 3ச + 2க = 32. ஒன்பதாம் வகுப்பில் வருகிற அதே இருமாறி நேரியல் சமன்பாடு!

விடையைக் கரும்பலகையில் எழுதிவிடாதே, பிள்ளைகள் தட்டிக் கண்டுபிடிக்கட்டும். ச 10 என்றால் க 1. ச 8 என்றால் க 4. ச 6 என்றால் க 7. யாராவது ஒருவன் 9 என்பான். 27 போக மிச்சம் 5, கார்வை இரண்டரை. தட்டச் சொல்; கை அந்தரத்தில் நிற்கும். (வேகத்தை இரட்டித்தால் அதையும் தட்டிவிடலாம், அது வேறு கதை.) ஒற்றைப்படை எண் ஏன் ஒத்துவரவில்லை என்று அப்போது கேள். சரியாக வந்த விடைகளை வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொன்னால் எல்லாம் ஒரே கோட்டில் உட்காரும். அந்த வகுப்பில் மணி அடித்தால் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு உன் கீபோர்டையே எடுத்துப் போகலாம். தம்புராவில் ப, ச ஸ்வரங்களின் அதிர்வெண் விகிதம் 3:2, அதாவது 1.5. கீபோர்டு ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த மேல் ஸட்ஜம் வரையுள்ள தூரத்தை, பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு படியும் 2-இன் பன்னிரண்டாம் மூலம், ஏறத்தாழ 1.0595. ஏழு படி ஏறினால் 1.4983 வரும், 1.5 வராது. அந்த நூலிழை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாரம் பேசலாம். தேவாலயத்தில் கீபோர்டு, பாட்டு வகுப்பில் தம்புரா என்று இரண்டு பக்கமும் காது பழகியவள் நீ. என்னைப் போன்ற வெறும் கணக்கு டீச்சருக்கு இது வாய்க்காது.

உன் மலையடிவாரத்திலேயே உனக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி முடித்து அங்கேயே பாடம் நடத்தியவர். பிறகு தஞ்சாவூர் போய், சித்த மருத்துவராகப் பேர் எடுத்து, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். ஒரு ஸ்தாயியில் உள்ள நுண்ணிய சுருதிகள் 22 அல்ல, 24 என்று அதில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த முடிவை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கு அந்த மனிதரின் பிடிவாதம் பிடிக்கும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பாட்டு கற்றால் கணக்கு தானாக வரும் என்று எந்த இன்டர்வியூவிலும் அடித்துவிடாதே. தாளம் இம்மி பிசகாத பையன் பின்னக் கூட்டலில் சறுக்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்குக்குத் துணைப்பாடமாக இருப்பதற்காகப் பாட்டு பிறக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் பாட்டு பீரியடைக் கடன் வாங்கிய கணக்கு டீச்சர்களில் நானும் ஒருத்தி. திருப்பிக் கொடுத்ததாக ஞாபகமே இல்லை. ஒரு டிசம்பரில் அந்தப் பாட்டு டீச்சரே என் மேஜைக்கு வந்து, “இந்த வாரம் எந்தெந்த பீரியட் வேணும் டீச்சர், இப்பவே சொல்லிடுங்க” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உனக்கு வீட்டுப்பாடம். திஸ்ர ஜாதி திரிபுட தாளம் ஏழு அட்சரம்; அட்சரத்துக்கு ஐந்து மாத்திரை வருகிற கண்ட நடையில் மொத்தம் 35. இப்போது சொற்கட்டின் நீளம் ச எந்தெந்த எண்ணாக இருக்கலாம்? அப்பா தோட்டத்திலிருந்து வந்ததும் அவரைத் தொடையில் தாளம் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நீ சொற்கட்டைச் சொல்லிப் பார். விடைகளை எனக்கு எழுது.