பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளை விண்வெளிக்குப் போகலாமா?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 8 வயது. சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து பேசிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து ஒரே கேள்விதான். அங்கே சளி பிடித்தால் மூக்கு ஒழுகுமா, ஒன்றுக்கு எங்கே போவார்கள், உடம்பு சரியில்லாவிட்டால் யார் ஊசி போடுவார்கள், மிதந்தால் உயரமாகிவிடுவோமா... எனக்குப் பதில் தெரியவில்லை. போன வாரம் "பஸ்ஸில் வாந்தி எடுக்கிற என்னையெல்லாம் கூட்டிப் போவார்களா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். கொல்லிமலைக்குப் போனால் பாதி வளைவு தாண்டுவதற்குள் அவளுக்குக் குமட்டிவிடும். இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன். மற்றதெல்லாம் அவளுக்கு வேடிக்கை, இது ஒன்றுதான் கவலை. பஸ் வாந்தி ஒரு தடையே இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். விண்வெளிக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் இரண்டு மூன்று நாள் தலைசுற்றல், குமட்டலோடுதான் இருக்கிறார்கள். தரையில் யாருக்கு வாந்தி வருகிறது என்பதை வைத்து மேலே யாருக்கு வரும் என்று கணிக்கவும் முடிவதில்லை. 1985-ல் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் போன அமெரிக்க செனட்டர் ஜேக் கார்ன் கடற்படையில் விமானம் ஓட்டியவர். ஆனால் மேலே போய் அவர் பட்ட பாட்டில், வாந்தியின் கடுமையை 'ஒரு கார்ன்', 'அரை கார்ன்' என்று அளந்து சொல்வது விண்வெளி வீரர்களுக்குள் கேலியாகவே ஆகிவிட்டது.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் உண்டு, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்பவை அவைதான். மேலே நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் (400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு விசை காணாமல் போய்விடுவதில்லை, கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது) அந்தத் துகள்களுக்கு மேல் எது கீழ் எது என்றே தெரியாது, கண் ஒன்று சொல்ல காது இன்னொன்று சொல்ல, மூளை குழம்பி வயிற்றைப் பிரட்டுகிறது. கொல்லிமலை வளைவில் உங்கள் மகளுக்கு நடப்பதும் இதே சண்டைதான். மருந்தும் உறவுதான்: நம் ஊரில் பயணத்துக்குக் கொடுக்கிற அவோமின் மாத்திரையில் இருக்கும் ப்ரோமெத்தசினைத்தான் அங்கே ஊசியாகப் போடுகிறார்கள்.

சரி, மூக்குக்கு வருவோம். சளி பிடிக்காமலே அங்கே மூக்கு அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் காலில் இருக்கிற நீரெல்லாம் மேலே ஏறி முகம் உப்பிவிடுகிறது. நிஜமாகவே சளி பிடித்தால் ஒழுகாது, உள்ளேயே தங்கிவிடும். 1968-ல் அப்போலோ 7 விண்கலத்தில் போனவர்களுக்கு அப்படித்தான் ஆனது. ஹெல்மெட் போட்டுக்கொண்டால் மூக்கைச் சிந்த முடியாது, இறங்கும்போது காது வலி வேறு வருமே என்று பயந்து, தரைக் கட்டுப்பாட்டு அறையோடு சண்டை போட்டு, ஹெல்மெட் இல்லாமலே இறங்கினார்கள். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன்பே சில நாள் தனிமையில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

ஒன்றுக்குப் போவது ஒரு குழாயில், காற்று அதை உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்து குடிநீராக்கிவிடுவார்கள். 2023 கணக்குப்படி 100 லிட்டரில் 98 லிட்டர் திரும்பக் கிடைக்கிறது. இதைக் கேட்டு அவள் முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஊசி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. டாக்டரே போனதும் உண்டு, 1994-95-ல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் இருந்த வலேரி பொல்யாகோவ் ஒரு மருத்துவர். டாக்டர் இல்லாத நேரத்தில் தரையிலிருந்து சொல்லச் சொல்ல அவர்களே செய்துகொள்ள வேண்டியதுதான். இப்போதைய சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன ஒரு வீரருக்கு இரண்டு மாதத்தில் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது அல்ட்ராசவுண்டில் தெரியவந்தது, 2020-ல் மருத்துவ இதழில் வெளியான விஷயம் இது. ரத்தம் உறையாமலிருக்கும் ஊசி மருந்து அங்கே கொஞ்சம்தான் இருந்தது. சரக்குக் கலம் மாத்திரை கொண்டுவந்து சேர்க்கும்வரை அளந்து அளந்து போட்டுச் சமாளித்தார்கள். ஆலோசனை சொன்ன அமெரிக்க ரத்தவியல் நிபுணரின் வீட்டுக்கே அந்த வீரர் போன் செய்ய, எடுத்த அவர் மனைவி "உங்களுக்கு விண்வெளியிலிருந்து போன்" என்று கொடுத்தாராம். எத்தனையோ டாக்டர் வீட்டில் நடுராத்திரி போன் அடிக்கிறது, இப்படி ஒன்று யாருக்கு வரும்!

உயரம் கூடும், 3 சதவீதம் வரை, முதுகுத் தண்டு தளர்வதால். தரைக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடும். ஆனால் எலும்பு தேய்வதுதான் பெரிய தொல்லை, இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் போகும் என்பதால் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி கட்டாயம்.

இப்போது பஸ்ஸுக்கு. 2 வயது முதல் 12 வயது வரை இந்தத் தொல்லை அதிகம், அப்புறம் பெரும்பாலானோருக்குத் தானே குறையும். முன் இருக்கையில் உட்கார வைத்து தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், பூரியும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். மாத்திரை வேண்டுமென்றால் எடைக்குத் தகுந்த அளவை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். குமட்டல் வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், தூக்கம் வரும். வீட்டில் 2 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அதற்கு இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பஸ் ஏறாத நாளிலும் காலையில் தலைவலியோடு வாந்தி வந்தாலோ, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலோ அது வேறு விஷயம், தாமதிக்காமல் நேரில் காட்டுங்கள்.