சுரங்கம் தோண்டி மூடிய நிலத்தில் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது. எந்தக் களைக்கொல்லி அடித்தால் ஒரேயடியாக ஒழியும்?

"ஒரேயடியாக" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். 2015இல் நானும் அதையேதான் சொன்னேன்.

நெய்வேலிப் பக்கம், பழுப்பு நிலக்கரி எடுத்து முடித்து மண் நிரப்பிய மேட்டில் மரக்கன்று நடும் ஒப்பந்த வேலை. நான் மேற்பார்வையாளர். உங்கள் நிலமும் அப்படிப்பட்டதுதான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். மேலே இருந்த நல்ல மண் எங்கோ அடியில் போயிருக்கும். பல மீட்டர் ஆழத்தில் கிடந்த மணலும் களியும் மேலே வந்திருக்கும். அதில் மக்கு கிடையாது, மண்புழு கிடையாது. மழை பெய்தால் உள்ளே இறங்காமல் ஓடும்.

எங்கள் சரிவு மூன்று ஏக்கர். மேல்பாதி முழுக்கப் பார்த்தீனியம். கீழே நாணலும் தர்ப்பையும் அருகும் கலந்து கிடந்தன. ஐப்பசி மழைக்கு முன் குழி எடுத்தாக வேண்டும் என்று நெருக்கடி. மொத்தத்துக்கும் கிளைபோசேட் (புல், பூண்டு என்று பார்க்காமல் பச்சையை எல்லாம் கொல்லும் களைக்கொல்லி) அடித்துவிடலாம் என்று முடிவெடுத்தது நான்தான், வேறு யாரும் இல்லை.

முதல் தடவை அடித்ததில் பாதிகூடக் காயவில்லை. மருந்துக் கடையில் போய்ச் சண்டை போட்டேன். "அளவைக் கூட்டி அடிங்க" என்று இன்னும் நான்கு கேன் கொடுத்தார்கள், ரசீது இல்லாமல். உண்மையான காரணம் தண்ணீர். பள்ளத்தில் தேங்கிய கலங்கல் தண்ணீரில் கலந்திருந்தோம். கிளைபோசேட் களிமண் துகளோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் இலைக்குள் போகாது. இதைச் சொல்லித்தர அந்தக் கடையில் யாரும் இல்லை. அடுத்த தடவை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், லிட்டருக்கு 10 மில்லி மருந்து, 20 கிராம் அம்மோனியம் சல்பேட் உரம். இரண்டு வாரத்தில் சரிவு முழுக்கக் காய்ந்து பழுப்பாகிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வேலைக்கு வந்த வயதான அக்கா ஒருவர் மட்டும் கேட்டார்: "பூண்டு சாகட்டும் தம்பி, புல்ல ஏன் சாகடிச்ச? மண்ண எது புடிச்சி நிக்கும்?" கன்று வேர் பிடித்ததும் சரியாகிவிடும் என்றேன்.

அந்த நவம்பரில் கடலூர் மாவட்டம் எப்படி வெள்ளத்தில் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் சரிவில் இடுப்பளவுக்கு ஓடை அறுத்தது. நட்ட கன்றுகள் மண்ணோடு அடிவாரத்தில் குவிந்தன. "அந்த மழைக்கு எது நின்றிருக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்துச் சரிவும் அதே உயரம், அதே மண். அங்கே மருந்து அடிக்க ஆள் போதாமல் விட்டிருந்தோம். அது நின்றது. நாணல் இருந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

தை மாதம் பார்த்தால், வெறுமையாகக் கிடந்த மண்ணில் பார்த்தீனியம் முன்பைவிட அடர்த்தியாக வந்திருந்தது. ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும், முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கும். மண்ணில் கிடக்கும் விதையை கிளைபோசேட் ஒன்றும் செய்யாது. போட்டிக்கு வரும் புல்லையும் நானே கொன்றிருந்தேன்.

சரி, மருந்தே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. இயற்கை விவசாய நண்பர்கள் கோபிக்க வேண்டாம். மூன்று ஏக்கர் பார்த்தீனியத்தைக் கையால் பிடுங்கியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இன்னும் கன்று நடாத, புல் இருக்கிற சரிவு என்றால் 2,4-டி என்ற களைக்கொல்லியை யோசிக்கலாம். அது அகன்ற இலைச் செடிகளைத்தான் கொல்லும், புல்லை விட்டுவிடும். ஆனால் பூப்பதற்கு முன், காற்றில்லாத காலையில் அடிக்க வேண்டும். பக்கத்தில் பருத்தி இருந்தால் தொடவே தொடாதீர்கள். சாரல் பட்டாலே இலை சுருங்கிவிடும். கன்று நட்ட பிறகு அதையும் அடிக்கக் கூடாது, கன்றும் போய்விடும். கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022இல் ஒன்றிய அரசு அறிவித்திருப்பதையும் மனதில் வையுங்கள். உப்புக் கரைசல் அடிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். சாலையோரத்துக்குச் சரி, ஏற்கெனவே செத்த மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள்.

அடுத்த ஆண்டு நாங்கள் மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, பூக்காத செடியாகப் பார்த்து வேரோடு பிடுங்கினோம். பிடுங்கிய இடத்தில் அன்றைக்கே கொளுஞ்சியும் ஆவாரையும் விதைத்தோம். இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பிடுங்கிய பெண்களுக்குக் கையுறை கேட்டு மூன்று முறை எழுதினேன். ஒப்பந்தக்காரர் கடைசிவரை தரவில்லை. கையெல்லாம் தடித்து, சொறிந்து புண்ணாகி வந்தார்கள். மருந்துக் கேனுக்குப் பணம் இருந்தது, கையுறைக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஏரி குளமெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஊதாப்பூச் செடிக்கு "நெய்வேலி காட்டாமணக்கு" என்று பெயர். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. காட்டாமணக்குக் குடும்பம்கூட இல்லை, சர்க்கரைவள்ளிக்கிழங்கின் சொந்தம். எந்த ஊருக்குப் போனாலும் "உங்க ஊர்ச் செடிதானே" என்கிறார்கள். நிலத்தைக் கொடுத்த ஊருக்குக் களையின் பெயரா மிஞ்ச வேண்டும்?

அந்தச் சரிவைப் போன வருடம் பார்த்தேன். பார்த்தீனியம் இன்னும் இருக்கிறது, வண்டிப்பாதை ஓரமாக. ஆவாரை பிடித்த இடத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.