மின்னஞ்சல் முகவரியைப் படமாகப் போட்டால் ஸ்பேம் நிற்குமா?

கேள்வி: சுங்குடிச் சேலைகளை எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் நேரடியாக விற்கிறோம். தொடர்புப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி போட்டதிலிருந்து ஸ்பேம் குவிகிறது. முகவரியைப் படமாக மாற்றலாம், இல்லையென்றால் அதை எடுத்துவிட்டுப் படிவம் மட்டும் வைக்கலாம் என்கிறார் தளம் அமைத்துக் கொடுத்தவர். எது நல்லது?
– வாசகர், சின்னாளபட்டி

பதில்: இரண்டுமே வேண்டாம். முகவரியை எடுக்கச் சட்டம் இடம் தராது. 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, வாடிக்கையாளர் சேவை, குறைதீர் அலுவலர் இருவரின் மின்னஞ்சல், தொலைபேசி விவரங்களும் தளத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும். தீர்வுக்கு ஒரு மாதம்.

படமாகப் போட்டால் திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம்தான். அவர்களுக்காக படத்தின் மாற்று உரையில் முகவரியை எழுதினால், முகவரி திரட்டும் தானியங்கி நிரலான பாட் அங்கிருந்தே எடுத்துவிடும். கைபேசியில் தொட்டு அஞ்சல் அனுப்பவும் முடியாது, நகலெடுக்கவும் சிரமம். @ குறிக்குப் பதில் ‘அட்’ என்று எழுதுவதும் வீண். அந்த வித்தை பாட்களுக்கு எப்போதோ அத்துபடி, திண்டாடுவது வாடிக்கையாளர்தான்.

முகவரி திரட்டும் பாட் பக்கத்தின் மூல நிரலை இறக்கி, அதில் @ குறியையும், தொட்டால் அஞ்சல் எழுதத் திறக்கும் ‘மெயில்டு’ இணைப்புகளையும் தேடும். உலாவியில் இயங்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கிப் பார்க்க நேரமும் கணினிச் செலவும் கூடும் என்பதால் எளிய பாட்கள் அதைச் செய்வதில்லை. அந்த இடைவெளிதான் நமக்கு வசதி. முகவரியின் முன்பாதி, @ குறிக்குப் பின்வரும் டொமைன் இரண்டையும் நிரலில் தனித்தனியாக வையுங்கள். பக்கம் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைச் சேர்த்துச் சாதாரண மெயில்டு இணைப்பாக்கட்டும். ஸ்கிரீன் ரீடர் உருவாகி முடிந்த பக்கத்தைத்தான் வாசிக்கும், அதனால் சிக்கல் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் இயங்காதவர்களுக்கு ‘நோஸ்கிரிப்ட்’ பகுதியில் தொலைபேசி எண்ணும் படிவத்தின் இணைப்பும் இருக்கட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதத் தயக்கமா? வேர்ட்பிரஸிலேயே ‘ஆன்டிஸ்பேம்பாட்’ என்ற செயற்கூறு இருக்கிறது. எழுத்துகள் சிலவற்றை @ போன்ற குறியீடுகளாக மாற்றும்; உலாவி அதைச் சரியாகவே காட்டும். கொஞ்சம் கெட்டிக்கார பாட் இதை அவிழ்த்துவிடும் என்றாலும், இதே வேலைக்கு ஆண்டுச் சந்தா கேட்கும் பிளகினுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

முடித்ததும் உலாவியில் மூல நிரலைத் திறந்து @ என்று தேடுங்கள். அடிக்குறிப்பு, தனியுரிமைக் கொள்கை, தேடுபொறிகளுக்காக எஸ்இஓ பிளகின் எழுதும் தரவு, பிடிஎஃப் விலைப்பட்டியல் ஆகியவற்றில் ஒன்றில் முகவரி அப்படியே இருந்தாலும் செய்ததெல்லாம் வீண்.

ஏற்கெனவே பரவிவிட்ட முகவரியை இப்போது மறைத்துப் பயனில்லை. புதிதாக ஒன்று தொடங்குங்கள். ‘இன்ஃபோ’, ‘சேல்ஸ்’ வேண்டாம், அவற்றைத் தளத்தைப் பார்க்காமலேயே ஊகித்து அனுப்புவார்கள். பழைய பெட்டியைச் சில மாதம் திறந்தே வையுங்கள், பழைய வாடிக்கையாளர் அதற்குத்தான் எழுதுவார். எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்கும் ‘கேட்ச்-ஆல்’ வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: படிவமும் இருக்கிறது. அதிலும் குப்பை வருகிறதே, கேப்ட்சா போடலாமா?

பதில்: அது கடைசியில். முதலில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுக் கட்டத்தைச் சேர்த்து, அது நிரம்பி வந்தால் (நிரப்பியது பாட்தான்) தள்ளிவிடுங்கள். அந்தக் கட்டத்தில் உலாவியின் தானியங்கி நிரப்புதலை அணைக்காவிட்டால், உண்மையான வாடிக்கையாளரின் உலாவியே அதை நிரப்பி அவரை வெளியே தள்ளிவிடும். டேப் விசைக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் அது எட்டக்கூடாது. பக்கம் திறந்து மூன்று விநாடிக்குள் வரும் படிவத்தையும் சந்தேகிக்கலாம்.

இன்னொன்று: படிவ அஞ்சலின் ‘அனுப்புநர்’ இடத்தில் வாடிக்கையாளர் முகவரியைப் போடாதீர்கள். அவருடைய டொமைன் பெயரில் உங்கள் சர்வர் அனுப்புவதால் அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிமார்க் சோதனையில் தோற்று, நல்ல ஆர்டரே ஸ்பேமுக்குப் போகும். அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாகவும், பதில் போய்ச் சேரும் ‘ரிப்ளை-டு’ முகவரி அவருடையதாகவும் இருக்கட்டும்.