நொசிலின் ஓட்டையைச் சின்னதாக்காதீர்கள், தம்பி

"தண்ணீரைப் பீச்சி மண்ணைக் கரைத்தெடுக்கும் சுரங்க வேலையில் பாவிக்கிற உயர் அழுத்த நொசிலை எப்படி மேம்படுத்தலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (நொசில் என்றால் ஹோஸின் முனையில் தண்ணீர் சீறி வெளியே வருகிற ஒடுங்கின வாய்.) கேட்ட விதத்தைப் பார்த்தால் கம்பஸில் கடைசி வருட புரொஜெக்ட் செய்கிற பிள்ளை என்று நினைக்கிறேன். உங்களுக்குக் கீழே பதில் சொன்ன இரண்டு பேரும் ஓட்டையைச் சின்னதாக்கு, அழுத்தம் கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் நானும் அதையே நம்பி மூன்று நாளும் ஒரு கான் டீசலும் வீணாக்கியவன்.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியர் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்தில் ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சுரங்கத்தில் வேலை செய்ததும் இல்லை. நான் செய்தது ஒரு கிணறு. ஆனால் தண்ணீர் நொசிலுக்குள் போய் வெளியே வருகிற கதை கிணற்றிலும் சுரங்கத்திலும் ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

2012இல் விசுவமடுவில் ஒரு அக்காவின் தோட்டக் கிணறு. பதினெட்டு அடி அகலம், இருபத்து நாலு அடி ஆழம். இடம்பெயர்ந்து திரும்பி வரும்போது கிணற்றில் பாதி தூர்ந்து போய் இருந்தது. மேலே மணல், அதற்குக் கீழே களியும் கிறவலும் இறுகி அலவாங்கு போட்டாலும் தெறிக்கிற மாதிரி. கண்ணிவெடி அகற்றுகிற ஆட்கள் காணியையும் கிணற்றையும் பார்த்துப் பத்திரம் கொடுத்திருந்தார்கள் (இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாராவது வந்து பொறுப்பில்லாமல் செய்தாய் என்று எழுதுவீர்கள், பார்க்காமல் செய்யவில்லை). ஆனாலும் அக்கா ஒரே பிடிவாதம். "தம்பி, ஆரையும் கயிறு கட்டி உள்ளுக்கு இறக்கிறதெண்டால் எனக்கு அந்தக் கிணறே வேண்டாம்" என்றார். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவர், இன்னொரு வீட்டில் இழவு விழக் கூடாது என்று நினைக்கிறார். அவர் சொன்னது நியாயம். அப்போதுதான் மேலே நின்றே தண்ணீர் அடித்துக் கரைத்து, சேற்றுப் பம் போட்டு உறிஞ்சி எடுக்கலாம் என்று இறங்கினேன். நீங்கள் கேட்கிற சுரங்க முறையும் அடிப்படையில் இதுதானே.

கையில் இருந்தது ஒரு 3 அங்குல டீசல் பம். தகட்டில் 30 மீற்றர் உயரம் தள்ளும் என்று போட்டிருந்தது. 2 அங்குல ஹோஸைப் பூட்டி, முனையில் மூடி ஒன்றை வெல்டிங் வைத்து, நடுவில் 8 மில்லிமீற்றரில் ஒரு ஓட்டை போட்டேன். தண்ணீர் வந்தது, சீறியது. ஆனால் பத்து அடி போவதற்குள் குடை மாதிரி விரிந்து தூவானமாகிவிட்டது. அடியில் இருந்த களி நனைந்தது, அவ்வளவுதான். அழுத்தம் காணாது என்று நினைத்து ஓட்டையை 6 ஆக்கினேன். இன்னும் மோசம், புகை மாதிரி.

இங்கேதான் முக்கியமான விஷயம். எங்களுடைய பம் சுழன்று தள்ளுகிற வகை. 30 மீற்றர் தள்ளுகிற பம் என்றால் வாயை முழுதாக அடைத்தாலும் 3 பாருக்கு மேல் தராது (பார் என்பது அழுத்தத்தின் அளவு, 10 மீற்றர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார்). 3 பாரில் தண்ணீர் ஒரு செக்கனுக்கு 24 மீற்றர் அளவு வேகத்தில்தான் வெளியே வரும், ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கு மேல் போகாது. கம்பிரசரில் இருந்த அழுத்தம் காட்டுகிற கேஜைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தேன். 8 மில்லிமீற்றர் ஓட்டையில் 2.8 பார். பிறகு 17 மில்லிமீற்றராக்கியபோது 2 பார். வேகம் 23இலிருந்து 20க்கு இறங்குகிறது, ஆனால் தண்ணீரின் அளவு நிமிடத்துக்கு 70 லீற்றரிலிருந்து 270 லீற்றராகப் போகிறது, கிட்டத்தட்ட நாலு மடங்கு. மண்ணைப் பெயர்க்கிறது வேகமும் தண்ணீரின் பாரமும் சேர்ந்துதான். மெல்லிய தாரை என்றால் காற்றே அதைப் பிய்த்துவிடும். சரி, நூறு பாருக்கு மேல் தள்ளுகிற பிஸ்டன் பம் வைத்திருக்கிறவர்கள் வேறு கணக்குப் போடலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஓட்டையைப் பெருப்பித்தும் தாரை விரிவது நிற்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் பக்கத்துக் காணிப் பெரியவர் ஒருவர் வந்து வேலியில் பிடித்துக்கொண்டு பார்த்தார். எண்பது வயது தாண்டியவர். அவருடைய தகப்பன் மலாயாவில், ஈப்போவில், ஒரு ஈயச் சுரங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவராம். கிந்தாப் பள்ளத்தாக்கில் மண் மேட்டுக்குத் தண்ணீர் அடித்துக் கரைத்து, அந்தச் சேற்றைப் பம் போட்டு மேலே ஏற்றி ஈய மண்ணைப் பிரித்தெடுப்பார்கள், அதை இவர் சின்னப் பெடியனாக நின்று பார்த்திருக்கிறார். என்னுடைய மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அங்க தண்ணி வெள்ளைக் கம்பு மாதிரி நிக்கும் தம்பி, இப்பிடிக் குடை பிடிக்காது. அந்தக் குழாய் நல்ல நீளம். மெல்ல மெல்லத்தான் ஒடுங்கும்."

அன்று இரவு நித்திரை வரவில்லை. 2 அங்குலத்தில் ஓடிவருகிற தண்ணீரைத் திடீரென்று ஒரு சுவரில் மோதவிட்டு ஓட்டைக்குள்ளே தள்ளினால் அது குழம்பிக்கொண்டுதான் வெளியே வரும். குழம்பின தண்ணீர் வெளியே வந்ததும் சிதறும்.

பட்டறையில் 18 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு பித்தளை உருளை கிடந்தது. எங்கள் ஒழுங்கைக்கு அப்போது கரண்ட் வரவில்லை, லேத்தை லான்ட்மாஸ்ரர் (கை உழவு இயந்திரம்) எஞ்சினில் பெல்ட் போட்டு ஓட்டுகிற காலம். பக்கத்துக்கு 7 பாகை வைத்து உள்ளே கூம்பு கடைந்தேன். 50 மில்லிமீற்றரில் தொடங்கி 17க்கு ஒடுங்க 13 சென்ரிமீற்றருக்கு மேல் நீளம் வந்தது. என்னுடைய லேத்தில் கத்தியை நகர்த்துகிற சின்ன ஸ்லைட் அவ்வளவு தூரம் ஓடாது, அதனால் இரண்டு துண்டாகக் கடைந்து மரை போட்டுப் பூட்டினேன். கூம்பு முடிகிற இடத்தில் 4 சென்ரிமீற்றர் நேராக விட்டேன். இதற்கெல்லாம் அப்போது என்னிடம் புத்தகம் இல்லை, பித்தளையின் நீளம்தான் கோணத்தைத் தீர்மானித்தது. பல வருடம் கழித்து வாசித்தேன், 1960களில் தண்ணீர் அடித்துப் பாறை வெட்டும் ஆராய்ச்சி செய்தவர்களும் 13 பாகை அளவுக் கூம்பும், வாயின் விட்டத்தைப் போல 2 முதல் 4 மடங்கு நீளமான நேர்ப் பகுதியும்தான் நல்லது என்று கண்டிருக்கிறார்கள். என்னுடையது மொத்தம் 14 பாகை. அதை வாசித்த அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுத்தில் சொல்ல முடியாது.

கடைந்தது மட்டும் போதாது. உள்ளே கத்தி ஓடின கோடுகள் கிராமபோன் தட்டு மாதிரித் தெரியும். முதலில் எமரித் தாள், பிறகு இன்னும் மெல்லிய தாள், கடைசியில் பிராசோ போட்டுத் துணியால் தேய்த்தேன். இரண்டு துண்டும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டக் கூடாது. வாயின் விளிம்பு கூராகவும் நேராகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மயிர் அளவு பிசிறு நின்றாலும் தாரை அந்தப் பக்கம் வால் விடும், நான் கண்ணால் பார்த்தேன், அந்தப் பிசிறை எடுத்ததும் வால் போய்விட்டது.

இவ்வளவும் செய்தும் தாரை கொஞ்சம் முறுகிக்கொண்டே போனது. காரணம் நொசிலுக்கு முன்னால் இருந்த எல்போ. வளைவில் திரும்புகிற தண்ணீர் சுழன்றுகொண்டுதான் வரும். எல்போவைக் கழற்றி, இரண்டடி நேர்க்குழாய் வைத்து, அதற்குள்ளே ஆறு அங்குல நீளத்தில் மெல்லிய அலுமினியக் குழாய்களைக் கட்டாக அடுக்கினேன். பழைய ரீவி அன்ரனாவில் வெட்டியது. சுரங்கங்களில் தண்ணீர் அடிக்கிற பெரிய பீரங்கி மாதிரியான மொனிற்றர்களிலும் உள்ளே நீளத் தகடுகள் வைத்திருப்பார்கள், அதே வேலைதான். அதற்குப் பிறகு எஞ்சினை ஏற்றினேன். வாயிலிருந்து ஒரு முழம் வரைக்கும் தண்ணீர் கண்ணாடிக் குழாய் மாதிரி அசையாமல் நின்றது, அதற்குப் பிறகுதான் பால் நிறமானது. கிணற்றின் அடியில் போய் விழுந்த சத்தமே மாறிவிட்டது, 'சோ' என்று இருந்தது 'தொம்' என்றது. களி கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்று ஒரு பிழையும் விட்டேன். 17 மில்லிமீற்றர் வாயில் 2 பார் என்றால் நொசில் கிட்டத்தட்ட 9 கிலோ விசையில் பின்னால் தள்ளும். பிடித்துக்கொண்டிருந்த என் மருமகன் வியர்வையைத் துடைக்க ஒரு கையை விட்டான், ஹோஸ் பாம்பு மாதிரித் துள்ளி அவன் நாடியில் அடித்தது. மூன்று தையல். அடுத்த நாளே பழைய சைக்கிள் ஒன்றின் முன் போர்க்கை ஹெட்டோடு வெட்டி எடுத்து இரும்புக் காலில் வெல்டிங் வைத்தேன். ஹெட் இடம் வலம் திரும்பும், போர்க்கின் கவட்டில் நொசில் மேலே கீழே ஆடும். ஒரு விரலால் திருப்பலாம். தம்பி, உங்கள் புரொஜெக்ட்டில் நொசிலை மட்டும் வரையாதீர்கள், அதைத் தாங்குகிற காலையும் வரையுங்கள். தாரையை மண் மேட்டின் அடியில் மட்டும் வைத்துக் குடையவும் வேண்டாம், மேலே நிற்கிறது மொத்தமாகச் சரியும். நாங்கள் கிணற்றுச் சுவரிலிருந்து மூன்று அடி விட்டுத்தான் அடித்தோம்.

அடுத்தது தேய்மானம். கிணற்றுத் தண்ணீரையே திரும்பத் திரும்ப அடித்ததால் மணல் பித்தளையைத் தின்றது. அந்தக் கிணறும் அதற்குப் பிறகு செய்த இரண்டும் முடிகிறபோது 17 மில்லிமீற்றர் வாய் 18.5 ஆகிவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் பரப்பு 18 வீதம் கூடிவிட்டது, அழுத்தம் இறங்கிவிட்டது. சுரங்கங்களில் ரங்ஸ்ரன் கார்பைட் (இலேசில் தேயாத மிகக் கடினமான பொருள்) வாய் போடலாம். எனக்கு அது எங்கே கிடைக்கும்? யோசித்துப் பார்த்தால் 6203 பெயரிங்கின் உள் வளையம் சரியாக 17 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர் அகலம், கடினப்படுத்தின உருக்கு, உள்ளே கிரைண்ட் பண்ணி வழவழவென்று இருக்கும். கழித்த பெயரிங் மூன்றை உடைத்து, உள் வளையங்களை எடுத்து, விளிம்பில் இருக்கிற சரிவு போகும் வரைக்கும் இரண்டு முகத்தையும் தேய்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக நேர்ப் பகுதியில் செருகினேன். தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். செலவு இல்லை. இந்த விஷயத்தில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

இதையும் சொல்லத்தான் வேண்டும். தூர்ந்த கிணறுகள் துப்புரவாக்கும் வேலை ஒன்று வந்தபோது ஒரு கந்தோருக்கு நொசிலையும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் நொசிலைத் தொட்டும் பார்க்கவில்லை, தொழில் சான்றிதழ் இருக்கா என்று கேட்டார். இருந்தது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் மற்ற எல்லாவற்றோடும் போய்விட்டது. பிள்ளைகளைத் தூக்குவதா ஃபைலைத் தூக்குவதா என்று நிற்கிற இடமா அது? பிரதி எடுக்கப் போனால் படித்த இடத்தின் பதிவேடும் இல்லை. பிறகு அந்த வேலையை வெளியூர் ஆள் ஒருவர் எடுத்து, ஆட்களைக் கயிற்றில் இறக்கித்தான் செய்தார். எனக்குக் காசு போனது பெரிதில்லை, ஆட்களை இறக்கினதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்பீர்கள், தெரியும்.

இன்னொன்று, கரைத்த மண் எங்கே போகும் என்பதையும் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள். இந்தச் சுரங்க முறையை 1853இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மற்றிசன் என்பவர் தங்கத்துக்காகத் தொடங்கினார். நொசில் பெருக்கப் பெருக்க மலையே கரைந்து யூபா ஆற்றில் இறங்கி, ஆற்றுப் படுக்கை உயர்ந்து, கீழே இருந்த விவசாயிகளின் வயலை வெள்ளமும் சேறும் மூடியது. 1884இல் நீதிபதி சோயர், மண்ணை ஆற்றில் விடக்கூடாது என்று தீர்ப்புக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் உறிஞ்சின சேற்றைப் பள்ளம் வெட்டி அடையவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரைத் திரும்ப அடித்தோம். காய்ந்த மண்ணை அக்கா வெங்காயப் பாத்திக்குப் போட்டார். தெளிந்த தண்ணீர் அடிக்கத் தொடங்கிய பிறகு வளையமும் மெல்லத்தான் தேய்ந்தது.

உங்களுடைய பம் எந்த வகை, தகட்டில் என்ன உயரம், எத்தனை லீற்றர், ஹோஸ் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். வாயின் விட்டமும் கூம்பின் நீளமும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். லேத் கிடைக்காவிட்டால் பித்தளையைக் கொண்டு தருமபுரத்துக்கு வாருங்கள், இப்போது கரண்ட் இருக்கிறது.