கொருக்குப்பேட்டைக் கால்வாயில் குறைந்தது தண்ணீரா?

கேள்வி: எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், பக்கிங்காம் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. இந்தச் சித்திரையில் கால்வாயில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், மற்றதெல்லாம் கறுப்புச் சேறு. நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. புழல் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்துவிடக் கேட்டு எங்கள் நலச் சங்கத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பலன் இருக்குமா? தூர் வாரினால் போர் தண்ணீர் உப்பாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா?

பதில்: மனுவை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், அம்மா. புழல் ஏரியின் 3,300 மில்லியன் கன அடி, நகரத்தின் குடிநீர். கோடையில் அதைக் கால்வாயில் விட யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். போட்டாலும் உங்களுக்கு வந்து சேராது. புழலின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையன்குப்பம் வழியாக எண்ணூர்ப் பக்கம் போய்விடுகிறது.

பக்கிங்காம் கால்வாய்க்கென்று சொந்தத் தண்ணீர் கிடையாது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய காலத்திலிருந்தே அது கடல் ஏறி இறங்குவதை நம்பி வாழ்ந்த கால்வாய். ஏறிய நீர் உடனே வடிந்துவிடாமல் பிடித்து வைக்க லாக் கதவுகள் இருந்தன. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அந்த நீரில்தான் வந்துபோயின. இன்றைக்கு பேசின் பிரிட்ஜ் என்றால் சென்ட்ரலுக்குள் நுழையுமுன் ரயில் காத்துக் கிடக்கும் இடம். அந்தப் பெயரில் உள்ள 'பேசின்', படகுகள் ஒதுங்கி நின்ற நீர்த்துறை.

ஆகவே உங்கள் கண்ணுக்குத் தண்ணீர் குறைந்ததாகத் தெரிவது, பெரும்பாலும் தரை மேலே வந்ததன் விளைவு. ஓட்டேரி நல்லாவும் கேப்டன் காட்டன் கால்வாயும் சுமந்து வரும் வண்டல் இதில்தான் படிகிறது. வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் மூடுகிறது, கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. கடல் உள்ளே வரும் வாசலும் குறுகி, உள்ளே தரையும் உயர்ந்தால் வேறென்ன ஆகும்? இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் கடல் மட்டமே சற்று உயர்ந்திருக்கும். அந்த மாத மட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு சித்திரையைப் பார்த்தால் கணக்கு தவறும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அமாவாசை அல்லது பௌர்ணமி நாளில் பாலத்தின் மேல் நின்று, தூணில் ஒரு கறையையோ விரிசலையோ அடையாளமாக வைத்து, காலையிலிருந்து ஏழெட்டு மணி நேரம், மணிக்கொரு போட்டோ எடுங்கள். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். அந்த நாட்களில் மட்டம் ஏறக்குறைய 1 மீட்டர் வித்தியாசப்படும். உங்கள் தூணில் நாலு விரல்கூட அசையவில்லை என்றால் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. அடுத்து, நீளமான இரண்டு மூங்கில் கம்புகள். ஒன்றின் அடியில் பழைய எவர்சில்வர் தட்டை ஆணியடித்துக்கொள்ளுங்கள். தட்டு சேற்றின் மேலேயே நின்றுவிடும், வெறுங்கம்பு கெட்டித் தரை வரை இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேற்றின் கனம். எல்லாம் பாலத்தின் மேலிருந்தே செய்யுங்கள், கரையில் இறங்கவே வேண்டாம். அந்தச் சேறு ஆளை இழுக்கும், கிளறினால் விஷவாயுவும் வரும். உங்கள் வீட்டு வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுக்கிறதென்றால் அந்த வாயுவின் வேலையாகவும் இருக்கலாம்.

இந்த அளவுகளோடு நீர்வளத் துறைக்கு எழுதுங்கள். 'தூர் வாருங்கள்' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எண்ணூர் முகத்துவாரம் தொடங்கி உங்கள் பாலம் வரை, கடல் மட்டத்தோடு ஒப்பிட்டுத் தரை எந்த லெவலில் இருக்கிறது, வாரிய பின் எந்த லெவலுக்கு வரும் என்று கேளுங்கள். வேலை கீழ்க்கோடியிலிருந்து மேலே வர வேண்டும். உங்கள் தெருவுக்கு நேரே மட்டும் தோண்டினால் அது குழியாகி, சாக்கடை தேங்கிக் கொசுதான் பெருகும். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எம்-புக், அதாவது வேலையின் அளவுப் புத்தகத்தின் நகல் கேளுங்கள். எடுத்த அளவெல்லாம் அதில்தான் ஏறும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வாரிய சேறு எங்கே போகிறது என்பதையும் விடாதீர்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் ஓர் ஒப்பந்ததாரர் அள்ளியதையெல்லாம் கரையிலேயே குவித்துவிட்டார். லாரி வாடகை மிச்சம் அவருக்கு. ஐப்பசியில் இரண்டே மழை, பாதி மறுபடி உள்ளே. பில் மட்டும் முழுசாகப் போயிற்று. அன்றைக்கு நான் இன்னும் உரக்கக் கத்தியிருக்க வேண்டும்.

ஒன்றுக்கு இப்போதே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கோடையில் கால்வாயை நிரப்பிக் காட்டுவதில் பெரும்பங்கு கழிவுநீருக்கு. அதை மறித்துக் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினால் மட்டம் இன்னும் இறங்கும். சீரமைப்பு சரியாகப் போகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்தான், பதற வேண்டாம். மழைநீர் வடிகாலில் யாராவது கழிவுநீர்க் குழாயைச் சொருகியிருந்தால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள்.

போர் தண்ணீர் பற்றிய பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அடிச்சேறு ஓரளவு மெழுகுபோல் தரையை மூடி வைத்திருக்கும். அதை எடுத்தால் உப்புநீர் சில இடங்களில் கசியலாம். ஆனால் உங்கள் பகுதியில் நிலத்தடி நீரைக் கெடுக்க இந்தக் கால்வாயின் சாக்கடையும் நம் மோட்டார்களுமே போதும். வேலை தொடங்குமுன் போர் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு, கிருமி மூன்றையும் பாருங்கள். டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்கலாம், வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை ஏற்பார்கள். கிருமி இருந்தால் இந்த எண்ணுக்கெல்லாம் அர்த்தமில்லை. கால்வாய்க்கு இவ்வளவு அருகில் நான் அதைக் குடிக்கமாட்டேன், பாத்திரம் கழுவுவதோடு சரி. வேலை முடிந்து அடுத்த கோடையில் இன்னொரு முறை கொடுத்துப் பார்த்து, இரண்டு தாள்களையும் சங்கக் கோப்பில் வையுங்கள்.