எலிக்குப் புண் போடுகிற படிப்பா என்று கேட்ட ஆச்சிக்கு

ஆச்சி, போன வாரம் காரைக்குடியில் என்னைப் பார்த்தபோது நீங்கள் கேட்ட கேள்வி மனதிலேயே நிற்கிறது. "அப்பத்தா காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட்டவள், இப்போது எலிக்குப் புண் போட்டு ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாளே, இந்தப் பாவம் நமக்கு எதற்கு?"

உங்கள் மகளுக்கு இந்த ஆசை அந்தப் புண்ணைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. அது ஏன் ஆறவில்லை என்று அவள் கேட்கிறாள். அதற்கு விடை தேடும் வழிகளில் ஒன்றுதான் இந்த எலி.

ஆனால் எலி சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப் படலம் ஒன்று உண்டு. காயம் பட்டதும் அப்பத்தா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் வாய் மாதிரி, தோல் இழுபட்டு மூடிக்கொள்ளும். நமக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை. அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் படர வேண்டும். அதனால் எலியின் காயத்தைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்து, சுருங்கவிடாமல் பார்க்கிறார்கள். பன்றித் தோல் நம் தோலுக்கு ரொம்ப நெருக்கம். ஆனால் வளர்க்க இடமும் செலவும் அதிகம். மருந்து கொடுத்து எலிக்குச் சர்க்கரை வரவழைக்கலாம். பல வருடச் சர்க்கரையில் மரத்துப்போன ஒரு பாதத்தை அதனிடம் முழுசாகக் கொண்டுவர முடியாது. இந்த வித்தியாசம் புரிந்தவர்தான் நல்ல ஆய்வாளர்.

பாவம் என்றீர்களே, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதித்தால்தான் சோதனையைத் தொடங்கலாம். எத்தனை எலி, ஏன் அத்தனை, மயக்க மருந்து என்ன, வலிக்கு என்ன, எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் தினமும் கூண்டைப் பார்க்க வேண்டும், காயத்தை அளந்து படம் எடுக்க வேண்டும். முடிவில் திசு எடுப்பதற்காக அந்த விலங்கைப் பெரும்பாலும் வலியில்லாமல் கொன்றுவிடுவார்கள். உங்கள் மகளுக்கு இது இப்போதே தெரியட்டும். முதுகலையில் சேர்ந்தபின் தெரிந்து, பாதியில் விட்டுவிட்டு வந்து என் முன்னால் அழுத பிள்ளைகள் உண்டு.

மனம் ஒப்பவில்லை என்றாலும் கதவு மூடிவிடாது. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. செருப்புத் தோலோடு நிற்காமல், தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து காயத்துக்கு உறை செய்கிற ஆய்வும் அங்கே நடக்கிறது. செல் வளர்ப்பு, கணினி மாதிரி என்று விலங்கில்லா முறைகளுக்கு 2023-இல் நம் நாட்டு மருந்துச் சோதனை விதிகளிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள்.

படிப்பு விஷயத்தில் என் விருப்பம் பி.ஃபார்ம் என்கிற மருந்தாக்கப் படிப்பு. நாலு வருடம், பிறகு எம்.ஃபார்மில் மருந்தியல். ஆராய்ச்சி சலித்தாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். விலங்குகள்மேல் பிரியம் அதிகம் என்றால் கால்நடை மருத்துவம், ஐந்தரை வருடம். வீட்டை விட்டு அனுப்பப் பயமாக இருந்தால், பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறையும், விலங்கு நலம் மற்றும் மேலாண்மைத் துறையும் உண்டு. இளங்கலை முடித்துவிட்டு அங்கே போகலாம்.

அடுத்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆச்சி. அப்பத்தாவின் புண்ணைத் தினமும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள் என்றீர்களே, அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் நான் அதைப் பார்க்க வேண்டும்.