ஒரு கண்ணில் மட்டும் பவர் இருந்தால் குழந்தைக்குக் கண்ணாடி கட்டாயமா?

எட்டு வயது மகளுக்கு இடது கண்ணில் மட்டும் பவர் இருப்பதாகப் பள்ளிப் பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். மற்றொரு கண் நன்றாகத் தெரிவதால், கண்ணாடி போடாமல் கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் கொடுத்து ஓரிரு ஆண்டுகள் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "பொம்பளப் பிள்ளைக்கு இப்பவே சோடாபுட்டியா" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சுளித்தார்கள். பொறுக்க வேண்டாம். இந்த வாரமே குழந்தைகளுக்கான கண் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

நான் மருத்துவன் அல்லன். மேலூர்ப் பக்கத்தில் கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சில் கண்ணை இடுக்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளையை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, பெற்றோரை அழைத்துச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு. அப்படிப்பட்ட நான் என் மகளை ஏழு வயது வரை கோட்டைவிட்டேன்.

அவள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவாள். வாசற்படியில் அடிக்கடி இடறுவாள். 'கவனமே இல்லை' என்று திட்டியிருக்கிறேன், ஒருமுறை கை நீட்டியும் இருக்கிறேன். ஆனால் தடையில்லாமல் படிப்பாள், எழுதுவாள். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையிலும் தேறியிருந்தாள். எப்படித் தேறினாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. இரண்டு கண்களையும் திறந்து வைத்தபடியே அட்டையைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள்!

ஒரு கோடை விடுமுறையில் அவளுக்கு வலது கண் இமையில் கட்டி வந்து, கண் திறக்க முடியாமல் வீங்கிவிட்டது. என் அம்மா நாமக்கட்டியை உரசிப் பூசிவிட்டு, "இன்னிக்கு என்ன தேதி, பார்த்துச் சொல்லு" என்று விளையாட்டாகக் கேட்டார். எதிர்ச் சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கியது. என் மகள் தெரியவில்லை என்றாள். இன்னொரு கண்ணால் பார் என்றதற்கு அவள் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "அது சும்மா இருக்கிற கண்ணு அப்பத்தா, எப்பவும் அப்படித்தான்." பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அது குறை என்றே தெரியாது, பிறகு எப்படி நம்மிடம் வந்து சொல்லும்?

மதுரைப் பக்கத்தில் கண் என்றாலே அண்ணா நகர் அரவிந்த் மருத்துவமனைதான்; 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம், இன்று வரிசையில் நின்றால் மலையாளமும் காதில் விழும். சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பா விரியும் வரை காத்திருந்துதான் பவர் பார்த்தார்கள். குழந்தையின் கண் தானாகவே இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொள்ளும் என்பதால், சொட்டு மருந்து இல்லாமல் கணினியில் மட்டும் பார்த்தால் அளவு தவறிவிடக்கூடும். வலது கண் சரி. இடது கண்ணில் நாலரை பிளஸ் பவர், பார்வை 6/36. அதாவது, நல்ல கண் 36 மீட்டரில் படிக்கும் எழுத்தை அவள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிப்பாள்.

சோம்பேறிக் கண் என்றார்கள். ஒரு கண் தெளிவான படத்தையும் மற்றது மங்கலான படத்தையும் அனுப்பும்போது, மூளை மங்கலானதை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணையே நம்பத் தொடங்குகிறது; ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்பட்ட கண் பார்க்கவே கற்றுக்கொள்வதில்லை. ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் நன்றாகத் தேறும், தள்ளிப்போடப்போடப் பலன் குறையும். உங்களைப் பொறுக்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். உங்கள் மகளுக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கீரைக்கு நான் எதிரி அல்லன், சண்டைக்கு வராதீர்கள். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அதற்குக் கீரையும் கேரட்டும் வேண்டும். ஆனால் பவர் என்பது கண்விழியின் நீளத்தாலும் வளைவாலும் வருவது. அதைப் பொன்னாங்கண்ணி மாற்றாது. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பதும் தவறு. பிள்ளை வளரும்போது விழியும் வளர்கிறது, அதனால் பவர் மாறுகிறது. பழி கண்ணாடியின் மேல் விழுகிறது.

முழு நேரமும் கண்ணாடி, அதோடு தினம் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடி ஒட்டுத்துணி. முதல் பத்து நாள் அழுகைதான், பிய்த்தும் எறிந்தாள். என் அம்மா பல்லாங்குழியை எடுத்து வைத்து, புளியங்கொட்டைகளை அந்த மங்கல் கண்ணாலேயே எண்ணவைத்த பிறகுதான் வழிக்கு வந்தாள். சோடாபுட்டி என்று முதலில் முகம் சுளித்தவரும் அதே அம்மாதான். ஒன்றரை ஆண்டில் 6/36 என்பது 6/9 ஆனது. அதற்கு மேல் ஏறவில்லை. நான்கைந்து வயதிலேயே கொண்டுவந்திருந்தால் முழுதாக வந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, மகள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.